கிழக்கு ஜன்னலுக்கு ஒரு பலகை

ஆர்டன், நியூ மெக்சிகோ
7 ஜூன் 1993, திங்கள்

ஓரின்,

இல்லை, கண்ணாடியை நான் உடைக்கவில்லை. அதுவாகவே வெடித்தது.

எஃப்ரேன் கோவேறு கழுதைகளோடு மலையிலிருந்து இறங்கியதும் நேரே வந்து என் கதவைத் தட்டி, உன் கேள்வியை ஒப்பித்துவிட்டுப் போனார். “ஒம் புருசன் கேக்கச் சொன்னாரு. ஜன்னல நீதான் கோவத்துல ஒடச்சியான்னு.” வாரத்துக்கு இரண்டு முறை உனக்கு அரிசியும் தண்ணீரும் சுமந்து வருகிற மனிதர் தலையில் நம் சண்டையையும் ஏற்றி அனுப்பாதே. கேட்க வேண்டுமானால் எழுது. நானும் எழுதுகிறேன்.

வியாழக்கிழமை காலை பத்தரை. இரவு வேலை முடிந்து வந்து தூங்கிக்கொண்டிருந்தேன் என்று எழுத ஆசை. கண்ணை மூடிக் கிடந்தேன். துப்பாக்கி சுட்டது போல ஒரு சத்தம். எழுந்து பார்த்தால், நம் டிரெய்லர் வீட்டில் படுக்கையை ஒட்டிய கிழக்கு ஜன்னல். உள்கண்ணாடியில் மூலையிலிருந்து மூலைக்கு விரிசல்.

அதே ஜன்னல்தான். ஏப்ரலில் நான் வெளிப்பக்கம் ப்ளைவுட் வைத்துப் பன்னிரண்டு திருகாணி போட்டு மூடினேனே, அது. மறுநாள் காலை நான் தூங்கும்போது பன்னிரண்டையும் நீ கழற்றினாயே, அது. எட்டரை மணிக்கு வெயில் என் முகத்தில் விழுந்தது. அதற்கு அடுத்த நாள் உன்னைப் போகச் சொன்னேன். நீயும் தீக்காவல் கோபுரத்து வேலையை ஏற்றுக்கொண்டு போய்விட்டாய்.

நீ போன பிறகு உள்பக்கமாக வெள்ளித்தாள் ஒட்டினேன். அதுதான் தப்பாம். டிரெய்லர் உதிரிபாகக் கடை டெல்பர்ட் வந்து பார்த்தார்.

“உள்ள வெள்ளித்தாள் ஒட்டினியா?”

“ஒட்டினேன்.”

“இது ரெட்டைக் கண்ணாடி. கறுப்புச் சாயம் வேற. அதுக்கு உள்பக்கமா வெள்ளித்தாளு. நீ ஜன்னல மூடலம்மா, அடுப்பு கட்டியிருக்க. நடுவுல மாட்டுன சூடு எங்க போகும்? நம்ம ஆளுங்க எல்லாரும் ஒரு தடவ இதப் பண்ணித்தான் படிக்கிறாங்க.”

புதிதாக என்ன போடலாம் என்று கேட்டேன். பழையபடி இரட்டைக் கண்ணாடி. அதில் இனி எதையும் ஒட்டக்கூடாது. அல்லது ஒற்றைக் கண்ணாடியில், இப்போது இருப்பது போலவே அவசரத்துக்குத் தள்ளித் திறக்கிற சிவப்புப் பிடி வைத்த ஜன்னல். அல்லது ஜன்னலே வேண்டாம் என்று தகடு வைத்து அடைத்துவிடலாம். இருபத்தைந்தாம் தேதி வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும். அன்றுதான் தொழிற்சாலைக்கு ஆர்டர் போகிறது. விட்டால் ஆகஸ்ட்.

தகடு சொல்லப் போகிறேன். உன்னிடம் அனுமதி கேட்கவில்லை. உனக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

ரோவீனா

*

மொகோட்டே சிகரம்
8 ஜூன், செவ்வாய் மாலை

ரோவீனா,

காற்று தென்மேற்கு, மெதுவாக. பார்வைத் தொலைவு எழுபது மைல். புகை இல்லை.

மன்னித்துக்கொள். கை தானாக இப்படித்தான் தொடங்குகிறது. ஐந்து வாரமாக இதை மட்டும்தான் எழுதுகிறேன்.

எஃப்ரேனிடம் கேட்டனுப்பியது தவறு. ரேடியோவில் கேட்டால் வனத்துறை மாவட்டம் முழுக்கக் கேட்கும். அதனால். இல்லை, அதனால் மட்டும் இல்லை. எழுத பயமாக இருந்தது.

தகடு வேண்டாம்.

காரணம் எழுத மூன்று முறை உட்கார்ந்துவிட்டேன். அடுப்பு கதவுப் பக்கம் இருக்கிறது, கதவு ஒன்றுதான் இருக்கிறது, படுக்கைப் பக்கம் தீப்பிடிக்காவிட்டாலும் அடுப்புப் பக்கம் பிடிக்கும், அந்த ஜன்னலை வெறும் ஜன்னலாக மட்டும் வைக்கவில்லை, வெளியேறும் வழியாக வைத்திருக்கிறார்கள். இதெல்லாம் ஏப்ரலில் கத்திச் சொன்னதுதான். கத்தாத காரணம் ஒன்று உண்டு. இன்று வரவில்லை.

வேறு எழுதுகிறேன். இந்த அறை பதினான்கு அடிக்குப் பதினான்கு. நான்கு பக்கமும் கண்ணாடி. திரை கிடையாது. ஐந்து மணிக்கு வெளுக்கிறது. முதல் வாரம் தொப்பியை முகத்தில் கவிழ்த்துப் படுத்தேன். உன்னை நினைத்தேன், அது உனக்குச் சிரிப்பாக இருக்கலாம். இப்போது எழுந்து நின்றுவிடுகிறேன். சூரியன் ஏறியதும் இந்த மலையின் நிழல் மேற்கே விழுகிறது. சமவெளி முழுக்க ஒரு முக்கோணம். மலை கரடுமுரடு, ஆனால் நிழலுக்கு மட்டும் கோடு போட்டது போல நேரான ஓரம். அதன் நுனி தரையில் முடியவில்லை, வானத்தில் ஏறி நிற்கிறது. அந்த நிழலின் உச்சியில் எங்கோ நான் நிற்கிறேன் என்று தினமும் கையை ஆட்டிப் பார்க்கிறேன். ஒன்றும் ஆடுவதில்லை.

நீ எத்தனை மணி நேரம் தூங்குகிறாய்?

ஓரின்

*

ஆர்டன்
10 ஜூன், வியாழன்

ஓரின்,

மூன்று. நல்ல நாளில் நாலு.

நீ மலை நிழலுக்குக் கை ஆட்டுகிறாய். நல்லது. நான் எதற்காக இருட்டு கேட்கிறேன் என்று நீ ஒரு முறையும் கேட்டதில்லை. சொகுசு என்று நினைத்திருப்பாய்.

நீ திருகாணிகளைக் கழற்றிய அன்று நான் தூங்கியது இரண்டு மணி நேரம். அன்றிரவு மருத்துவமனையில் எட்டாம் படுக்கையில் ஒரு பெண். முப்பத்திரண்டு வயது, வயிற்றில் அறுவை முடிந்து இரண்டாம் நாள். பொட்டாசியம் ஏற்ற வேண்டும். பையை மாட்டினேன். மருந்து ஏற்றும் பம்பில் வேகத்தைப் பதித்தேன். தொடங்கும் பொத்தானில் விரல் இருந்தது. என்னோடு இரவுப் பணியில் இருந்த யோலண்டா பின்னால் நின்றாள்.

“ரோவீனா, அந்த நம்பர எனக்குப் படிச்சுக் காட்டு.”

“பத்து.”

“மறுபடி படி.”

“பத்துதான்.”

“விரல எடுடீ. எடுத்துட்டுப் படி.”

நூறு. நான் நூறைப் பார்த்துக்கொண்டே பத்து என்று படித்திருக்கிறேன். இரண்டு முறை. அந்த வேகத்தில் ஏறியிருந்தால் இதயம் நின்றிருக்கும். அந்தப் பெண் விழித்துக்கொண்டுதான் இருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்து, “ராத்திரி பூரா நிக்கிறீங்களே, கால் வலிக்கலையா?” என்று கேட்டாள்.

மேலாளரிடம் நானே போய்ச் சொன்னேன். எழுதி வைத்துக்கொண்டார்கள். இன்னொரு முறை என்றால் ஒப்பந்தம் முடிந்தது என்றார்கள். எனக்கு ஒப்பந்தம் பெரிதில்லை. இன்னொரு முறை யோலண்டா பின்னால் நிற்காமல் போகலாம்.

வீட்டுக்கு வந்து உன்னைப் போகச் சொன்னேன். ஏன் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நீ மன்னிப்புக் கேட்டிருப்பாய். அதைத் தாங்கும் தெம்பு இல்லை.

இப்போது தகட்டைப் பற்றி மறுபடி சொல், கேட்கிறேன்.

ரோவீனா

*

மொகோட்டே சிகரம்
11 ஜூன், வெள்ளி

ரோவீனா,

எஃப்ரேன் கீழே இறங்காமல் விடியும்வரை இங்கேயே தங்குகிறார். அதனால் எழுத நேரம் இருக்கிறது. கடிதத்தைப் படித்துவிட்டு நான் வெளியே நடைமேடையில் ரொம்ப நேரம் நின்றிருந்தேன் போலிருக்கிறது. “என்னப்பா, யாராச்சும் செத்துட்டாங்களா?” என்று கேட்டார். “இல்ல” என்றேன். “அப்ப வந்து சோறத் தின்னு. கழுதையே தின்னுட்டுப் படுத்துருச்சு.”

உன்னை எழுப்பிச் சொல்லியிருக்க வேண்டும். தூக்கம் கெடக்கூடாது என்றுதான் எழுப்பாமல் ஒவ்வொரு திருகாணியாகச் சத்தமில்லாமல் கழற்றினேன். இதை எழுதிப் பார்க்கும்போதுதான் எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று தெரிகிறது.

கத்தாத காரணத்தைச் சொல்கிறேன்.

ஐந்து வருடம் முன்பு, உன்னைச் சந்திப்பதற்கு முந்தைய கோடை. தீயணைப்புக் குழுவில் இருந்தேன். காட்டுத் தீ கூட இல்லை. ஒரு டிரெய்லர் எரிகிறது என்று அழைத்தார்கள், நாங்கள்தான் பக்கத்தில் இருந்தோம். போனபோது எல்லாம் முடிந்திருந்தது. உள்ளே ஒருவர். கதவுப் பக்கம் இல்லை, ஜன்னலுக்குக் கீழே இருந்தார். ஜன்னலின் வெளிப்பக்கம் பலகை அடித்திருந்தது. அவரே அடித்தது. சுரங்கத்தில் இரவு வேலை, பகலில் தூங்குவார் என்று பக்கத்து டிரெய்லர்காரர் சொன்னார். நல்ல இறுக்கமாக அடித்திருந்தார். கைவேலை தெரிந்தவர்.

பலகையைக் கழற்றும் வேலை எனக்கு வந்தது. திருகாணிகளை எண்ணினேன். ஏன் எண்ணினேன் என்று தெரியவில்லை.

உன்னிடம் சொல்லாததற்குக் காரணம்: சொன்னால் நீ அந்தப் படுக்கையில் எப்படித் தூங்குவாய்?

பார், நாம் இருவரும் ஒருவர் தூக்கத்தை ஒருவர் எவ்வளவு காப்பாற்றியிருக்கிறோம்.

எட்டாம் படுக்கைப் பெண்ணைப் பற்றி என்ன எழுதுவதென்று தெரியவில்லை. அவள் கேட்டதை நான் உன்னிடம் ஒரு முறையும் கேட்டதில்லை.

ஜன்னல் உன் முடிவு. தகடு என்றாலும் சரி. இனி வாதாட மாட்டேன்.

ஓரின்

*

ஆர்டன்
17 ஜூன், வியாழன்

ஓரின்,

உன் கடிதத்துக்குப் பதில் எழுத ஐந்து நாள் ஆனது. அதற்குள் ஒன்று நடந்திருக்கிறது. வரிசையாகச் சொல்லப் பார்க்கிறேன்.

கட்டுமானக் கடைக்குப் போய் இரண்டு அங்குலக் கனத்தில் வெள்ளை ஃபோம் பலகை வாங்கினேன். ரொட்டிக் கத்தியால் எல்லா ஜன்னலுக்கும் அளவாக அறுத்தேன். கண்ணாடியைத் தொடாமல் சட்டத்துக்குள் இறுக்கமாக நிற்கும். ஆணி ஒன்றுகூட இல்லை. ஒவ்வொன்றிலும் ஒரு துளை போட்டுக் கயிற்று வளையம் கோத்தேன். இழுத்தால் கையோடு வந்துவிடும். தகடு வரும்வரைக்கும் என்று சொல்லிக்கொண்டேன். அந்தச் சுரங்க மனிதருக்காகவும்தான்.

செவ்வாய் காலை வேலையிலிருந்து வந்து எல்லாப் பலகையையும் பொருத்தினேன். மேற்கு ஜன்னல் பலகையில் முடிச்சு நழுவிக் கயிறு கழன்றுவிட்டது. பென்சில் பருமனுக்கு ஒரு துளை. போகட்டும் என்று படுத்தேன். நல்ல இருட்டு. என் கையே தெரியவில்லை.

பத்து நிமிடம் இருக்கும். கண்ணைத் திறந்தேன். எதிரே கிழக்கு ஜன்னல் பலகையில் ஏதோ நிறம். கீழே நீலம். மேலே மண்ணிறம். நடுவில் ஏதோ தொங்குகிறது.

கண்ணை மூடித் திறந்தேன். அங்கேயே இருந்தது. மெல்ல இன்னும் தெளிவானது.

முதலில் வந்தது பயம், ஓரின். தூங்காதவர்களுக்கு என்னென்ன தெரியும் என்று எனக்குத் தெரியும். சுவரில் பூச்சி பார்த்தவர்களுக்கு நான் ஊசி போட்டிருக்கிறேன். மேலாளரிடம் போய் இனி என்னை நோயாளிகளிடம் விடாதீர்கள் என்று சொல்ல வேண்டும், இன்றே, என்று நினைத்தேன். உடை மாற்றக்கூட எழுந்துவிட்டேன். அப்போது பலகையின் மேல் ஓரத்தில் ஒரு லாரி தலைகீழாகப் போனது. மஞ்சள் லாரி. அதே நேரம் வெளியே சாலையில் லாரிச் சத்தம்.

யோலண்டாவுக்குப் பொதுத்தொலைபேசியிலிருந்து போன் செய்தேன்.

“பத்து நிமிசம் வந்துட்டுப் போ.”

“எதுக்கு? ஓரின் வந்துட்டாரா?”

“இல்ல. நான் பாக்குறது ஒனக்கும் தெரியுதான்னு பாக்கணும்.”

“என்னடீ இது, ராத்திரி பூரா நின்னுட்டு இப்பத்தான் செருப்ப கழட்டினேன்.”

வந்தாள். இருட்டில் நிற்க வைத்தேன். கொஞ்ச நேரம் திட்டினாள். பிறகு நிறுத்திவிட்டாள்.

“சொல்லு. என்ன தெரியுது?”

“மொகோட்டே” என்றாள். “தலகீழா. ஏய், யாராச்சும் ஆட்டினா வானத்துல விழுந்துரும்போல.”

நான் அழுதுவிட்டேன். எனக்குப் பைத்தியம் இல்லை என்பதற்காக முதலில். அப்புறம் எதற்காக என்று தெரியவில்லை.

துளை வழியாக வெளிச்சம் வருகிறது, எதிர்ப்பக்கம் கவிழ்ந்து விழுகிறது. பள்ளியில் படித்ததுதான். பரீட்சையில் படம் கூட வரைந்தேன், மெழுகுவர்த்தி வைத்து. ஆனால் படுக்கைக்கு மேல் ஒரு மலைத்தொடர் நிறத்தோடு தொங்கும் என்று யாரும் எழுதிவைக்கவில்லை. மலை முக்கால் சாண் உயரம். காலை வெயில் முழுக்க அதன் மேல் விழுகிறது. காடு கறும்பச்சை. பாறை ரோஜா நிறம். மேகம் ஒன்று வலமிருந்து இடமாக மலைக்கு அடியில் ஊர்ந்தது. விரலை நீட்டினால் மேகம் விரல் மேல் ஏறிப் போகிறது.

உன் கோபுரம் தெரியவில்லை. இந்தப் படத்தில் அது ஒரு கடுகளவும் இருக்காது. ஆனால் கீழே தொங்குகிற நுனிதான் உச்சி. நீ அங்கே தலைகீழாக உட்கார்ந்து காப்பி குடிக்கிறாய்.

மூன்று நாளாகப் பார்க்கிறேன். தூங்குவதற்காக இருட்டாக்கினேன். இப்போது இருட்டைப் பார்த்துக்கொண்டு தூங்காமல் கிடக்கிறேன். சிரிக்காதே.

ரோவீனா

*

மொகோட்டே சிகரம்
18 ஜூன், வெள்ளி

ரோவீனா,

காற்றைப் பற்றி எழுதப் போவதில்லை.

கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். பிறகு எஃப்ரேனுக்கு வாசித்துக் காட்டினேன், லாரி வரைக்கும். (அழுதது வரை போகவில்லை.) “அப்ப என் கழுதைங்களும் அந்தம்மா படுக்கைக்கு மேல தலகீழா ஏறிப்போயிருக்கு” என்றார். “சொல்லியிருந்தா குளிப்பாட்டியிருப்பேன்.”

உனக்குத் தெரியாத ஒன்று. அறையின் நடுவில் புகையின் திசையைக் குறிக்கிற கருவி இருக்கிறது. வட்டமான வரைபடம், மேலே சுழலும் சட்டம், குதிரைவால் மயிர் ஒன்று இழுத்துக் கட்டிய துவாரம். அதன் வழியாகப் பார்த்தால் எந்த இடத்தையும் டிகிரிக் கணக்கில் சொல்லிவிடலாம். தினமும் காலை ஏழே முக்காலுக்கு அதை எண்பத்து நான்கரை டிகிரிக்கு, ஏறக்குறைய நேர் கிழக்கே, திருப்புகிறேன். டிரெய்லர் பார்க். பதினோரு மைல். கூரைகள் வெயிலில் மின்னும், உப்பைத் தூவியது போல. அதில் எது நம்முடையது என்று கண்டுபிடிக்க முடிந்ததே இல்லை. நீ வீட்டுக்கு வந்திருப்பாய் என்று தெரியும், அவ்வளவுதான். இதை மே மாதத்திலிருந்து செய்கிறேன். சொல்ல வெட்கமாக இருந்தது.

இந்த மலை முழுவதும் உன் பலகையில் தொங்குகிறது என்றால், இங்கிருந்து புறப்படும் வெளிச்சமும் அந்தத் துளைக்குள் வர வேண்டும். வழி தவறியவர்கள் காட்டுவதற்கான சைகைக் கண்ணாடி இங்கே ஒன்று இருக்கிறது. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது. காலையில் சூரியன் உன் பக்கம் இருக்கும். அதைப் பிடித்து உன் பக்கமே திருப்பிவிடலாம்.

திங்கள் காலை எட்டேகால். மூன்று முறை காட்டுகிறேன். விட்டு, மறுபடி மூன்று.

தெரியாமலும் போகலாம். பதினோரு மைல், பென்சில் துளை. எதிர்பார்க்காதே.

பார்த்துவிட்டுத் தூங்கு. துளைக்கு ஒரு தக்கை செதுக்கி எஃப்ரேனிடம் கொடுத்திருக்கிறேன். ஜூனிபர் மரம்.

ஓரின்

*

ஆர்டன்
21 ஜூன், திங்கள்

ஓரின்,

இல்லை. ஒன்றும் தெரியவில்லை. எட்டு மணிக்கே பலகை சாம்பல் நிறமாகிவிட்டது. மேகம் அடியிலிருந்து மேலே வந்து மலையைத் தின்றது. எட்டேகாலுக்கு நான் முழங்காலில் நின்றுகொண்டிருந்தேன், பலகைக்கு ஒரு அடி தூரத்தில். பிறகு படுத்துவிட்டேன்.

மதியம் மூன்று மணிக்கு விழித்தேன். தக்கையைச் செருக மறந்திருந்தேன். வெளியே மேகம் கவிந்து பலகையில் எதுவும் இல்லை, கறுப்பு. திடீரென்று முழு மலைத்தொடரும் வந்து போனது. வெள்ளையாக, ஒவ்வொரு மடிப்போடும். மறுபடி கறுப்பு. மறுபடி வந்தது. இந்த முறை ஒரு கோடு மலையின் நுனியைத் தொட்டது. மின்னல் கீழிருந்து மேலே போனது, ஓரின். தரையை நோக்கித்தான் போனது, ஆனால் என் தரை மேலே இருந்தது. தொட்ட இடம் நீ இருக்கிற இடம்.

சத்தம் வர ஐம்பது வினாடி ஆனது. அதுவும் தொலைவில் மேசையை இழுப்பது போல. அந்த ஐம்பது வினாடி நான் எண்ணிக்கொண்டிருந்தேன். நாடித் துடிப்பு எண்ணுவது போல எண்ணினேன், வேறு எப்படி எண்ணுவதென்று எனக்குத் தெரியாது.

இவ்வளவு அழகான ஒன்றை நான் பார்த்ததே இல்லை. அதில் நீ இருந்தாய். இந்த இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை.

இரண்டு வரி போதும். இருக்கிறேன் என்று எழுது.

ரோவீனா

*

மொகோட்டே சிகரம்
22 ஜூன், செவ்வாய்

ரோவீனா,

இருக்கிறேன்.

கோபுரத்தில் விழுந்தது. நான்கு மூலையிலும் செப்புக் கம்பி இறங்குகிறது, அது கொண்டுபோய்விடும். இங்கே ஒரு மர ஸ்டூல் இருக்கிறது. நான்கு கால்களின் அடியிலும் கண்ணாடிக் குமிழ். இடி வந்தால் அதில் ஏறி நிற்க வேண்டும், எதையும் தொடக்கூடாது. அதுதான் விதி. நின்றேன். நான்கு பக்கமும் கண்ணாடி, கால் அடியிலும் கண்ணாடி. கையில் மயிர் எழுந்து நின்றது. அணைந்து கிடந்த அடுப்பின் இரும்பு விளிம்பில் நீலமாக ஒரு சுடர் ஊர்ந்தது, சீறிக்கொண்டு. பிறகு எல்லாம் வெள்ளை. சத்தம் என்று சொல்ல முடியாது, சத்தத்துக்குள் இருந்தேன்.

பயந்தேனா என்று கேட்டால், ஆமாம். ஆனால் வாயைப் பிளந்துகொண்டு நின்றிருந்தேன் என்பதும் உண்மை. நீ பார்த்துக்கொண்டிருப்பாய் என்று ஒரு கணம் தோன்றியது. இல்லை, தூங்குவாள், தூங்க வேண்டும் என்று நினைத்தேன்.

நாளை, நாளை மறுநாள், வானம் திறக்கிற எந்தக் காலையானாலும் எட்டேகால்.

ஓரின்

*

ஆர்டன்
24 ஜூன், வியாழன்

ஓரின்,

மணி எட்டு ஐம்பது. அவசரமாக எழுதுகிறேன், எழுத்தைப் பொறுத்துக்கொள்.

நேற்று மேகம். இன்று மழை கழுவிய மலை. துளையின் மேல் டேப் ஒட்டி நடுவில் இன்னும் சிறிதாகக் குத்தியிருந்தேன், அதனால் படம் கூர்மை. மரங்களின் வரிசை கூடத் தெரிந்தது. எட்டுப் பத்திலிருந்து நுனியை மட்டும் பார்த்தேன். கடிகாரத்தைப் பார்க்கவில்லை, கண்ணை எடுத்தால் தவறிவிடும்.

வந்தது.

ஊசி முனை அளவு. வெள்ளை கூட இல்லை, வெள்ளைக்கு அப்பால் ஏதோ. மூன்று முறை. நின்றது. மறுபடி மூன்று.

விரலை வைத்தேன். நகத்தின் மேல் விழுந்தது. சூரியன் புறப்பட்டு, உன் கைக்கு வந்து, நீ திருப்பி, பதினோரு மைல் வந்து, பென்சில் துளைக்குள்ளும் நுழைந்து, என் நகத்தில். மூன்று. சூடு இல்லை. இருந்திருந்தாலும் எடுத்திருக்க மாட்டேன்.

நீ பாட்டுக்கு அங்கே காட்டிக்கொண்டே இருந்தாய். ஒரு முறை நாலு வந்தது. கை நழுவியதா?

பதில் காட்ட எனக்கு ஒன்றும் இல்லை. அதனால் எழுந்து கிழக்குப் பலகையின் கயிற்றை இழுத்தேன். உன் மலை அப்படியே என் கையோடு வந்தது, காணாமல் போனது. அறை முழுக்க வெயில். கண் கூசியது. சிவப்புப் பிடி இரண்டையும் திருப்பினேன், ஜன்னலைத் தள்ளினேன், இரவு உடையோடு வெளியே குதித்தேன். முட்டி சிராய்ந்தது. திரும்பிக் கதவு வழியாகப் போய் எல்லாவற்றையும் பொருத்திப் படுத்து, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு மறுபடி செய்தேன். படுக்கையிலிருந்து தரைக்குப் பதினோரு வினாடி. இரண்டாம் முறை குதித்தபோது டெல்பர்ட் நாயோடு நின்றிருந்தார்.

“காலங்காத்தால என்னம்மா, சர்க்கஸா?”

“ஆர்டர் இன்னும் போகலதானே?”

“நாளைக்கு. தகடு எழுதி வச்சுட்டேன்.”

“எழுதுனத அடிச்சிருங்க. ஒத்தைக் கண்ணாடி. சாயம் வேண்டாம். செவப்புப் பிடி வச்சது. ரெண்டு பேரு தாண்டுற அகலம் இருக்கணும்.”

“திரை?”

“வேண்டாம். பலகை இருக்கு.”

“சூரியன வெளிய நிறுத்தணும்னு நீதானே ஒத்தக்கால்ல நின்ன.”

“நிறுத்திட்டேன். ஜன்னல நிறுத்தல.”

அவர் நாயிடம் ஏதோ சொல்லிக்கொண்டு போனார்.

எட்டு வாரமாக நான் படுக்கையின் நடுவில் படுக்கிறேன். இனி சுவர்ப் பக்கம் படுத்துக்கொள்கிறேன். மழை முழுதாக இறங்கியதும் கோபுரத்தை மூடிவிடுவார்கள் என்று எஃப்ரேன் சொன்னார். இப்போது தூங்கப் போகிறேன். பிறகு முடிக்கிறேன்.

*

மாலை ஐந்து. ஒன்பது மணிக்குத் தக்கையைச் செருகினேன். நாலரை வரை தூங்கினேன். எழுந்து முட்டியில் மருந்து போட்டுக்கொண்டு, முட்டை வேகவைத்துத் தின்றுவிட்டு, வேலைக்குக் கிளம்புகிறேன்.

ரோவீனா